வாரண்டி முடிந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்குப் புது பேட்டரி போடுவது எப்படி?

திரையில் கீறல் இல்லை, சென்சார்கள் எல்லாம் வேலை செய்கின்றன, ஆனால் காலையில் முழு சார்ஜோடு கட்டிய வாட்ச் மாலை வரை தாங்கவில்லை. மூன்று நான்கு வருடம் தினமும் சார்ஜ் ஏறி இறங்கிய ஸ்மார்ட்வாட்ச்களில் பல இந்த நிலைக்கு வருகின்றன. வாரண்டி முடிந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். நிறைய மாடல்களில் அதற்குத் தேவையே இல்லை. பேட்டரியை மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் எங்கே கொடுப்பது, என்னென்ன கேட்பது, கொடுப்பதற்கு முன் எதை அழிப்பது என்று தெரியாமல் போனால் பணமும் போகும், தரவும் போகும், சில சமயம் வாட்ச்சும் போகும்.

எல்லாப் படிகளையும் படிக்க நேரமில்லை என்றால் 4ஆவது படியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கே கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து வருபவை.

1. பழுது பேட்டரியில்தானா என்று உறுதி செய்யுங்கள்

ஆப்பிள் வாட்ச்சில் இது எளிது. வாட்ச்சிலேயே அமைப்புகள், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் அதிகபட்சக் கொள்ளளவு சதவீதத்தில் தெரியும். 80க்குக் கீழே இருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் சொல்லும் கணக்குப்படி, வாட்ச் பேட்டரி 1000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் (மொத்தம் 100 சதவீதச் சார்ஜ் செலவாவது ஒரு சுற்று) பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் விதத்தில் வடிவமைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று வைத்தால் ஏறத்தாழ மூன்று வருடம்.

பல நிறுவனங்களின் வாட்ச்களில் இந்த எண் வெளியே தெரியாது. அப்போது நீங்களே அளந்து பார்க்க வேண்டும். எப்போதும் எரியும் திரை வசதியை அணைத்து, வாட்ச்சோடு வந்த சாதாரண முகப்பை வைத்து, மொபைல் டேட்டாவையும் தொடர் ஆக்சிஜன் அளவீட்டையும் நிறுத்திவிடுங்கள். 100 சதவீதத்தில் கட்டி எட்டு மணி நேரம் கழித்து எத்தனை மிச்சம் என்று எழுதி வையுங்கள். இதை இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். நிறுவனம் 18 மணி நேரம் ஓடும் என்று சொன்ன வாட்ச் எட்டு மணி நேரத்தில் 44 சதவீதம் போல இறங்குவது இயல்பு. அதுவே 70 சதவீதம் இறங்குகிறது என்றால் மொத்தம் பதினொரு மணி நேரம்தான் ஓடுகிறது. எழுதி வைத்த எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். பேட்டரி மாற்றி வந்த பிறகு ஒப்பிட அது வேண்டும்.

தேய்ந்த பேட்டரிக்கு வேறு அடையாளங்களும் உண்டு. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வாட்ச் உடற்பயிற்சிப் பதிவைத் தொடங்கியதும் சட்டென்று அணைந்துவிடும்; சார்ஜரில் வைத்ததும் 1 என்று காட்டாமல் நேராக 20 என்று காட்டும். பேட்டரியின் உள்மின்தடை கூடிவிட்டதால், ஜிபிஎஸ் போன்ற பளு வந்ததும் மின்னழுத்தம் சரிந்துவிடுவதுதான் காரணம். குளிரில் இது இன்னும் மோசமாகும். புதிதில் ஆனதைவிடச் சீக்கிரமே சார்ஜ் நிரம்பிவிடுவதும் ஓர் அடையாளம். பாத்திரம் சிறுத்துவிட்டதால்தான் சீக்கிரம் நிரம்புகிறது.

இதற்கு மாறாக, ஒரு அப்டேட்டுக்கு மறுநாளிலிருந்து பிரச்சினை தொடங்கியிருந்தாலோ, சும்மா இருக்கும்போதே வாட்ச் சூடானாலோ, சிக்னல் குறைவான இடத்தில் மட்டும் சார்ஜ் இறங்கினாலோ, பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் யோசியுங்கள். பின்பக்கத்தில் படிந்த வியர்வையும் கிரீமும்கூடச் சார்ஜ் ஏறுவதைத் தடுக்கும். பின்பக்கத்தையும் சார்ஜரையும் ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டுப் பாருங்கள். தரவைப் பேக்கப் எடுத்துவிட்டு ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதே எட்டு மணி நேரச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் மாறவில்லை என்றால் பேட்டரிதான்.

2. உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்

வாட்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரை ஒரு பக்கம் எழும்பியிருந்தாலோ, பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ, அழுத்தினால் திரை மெத்தென்று உள்ளே போனாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. அதை இனிச் சார்ஜ் செய்யக் கூடாது, கையில் கட்டக் கூடாது, திரையை உள்ளே அழுத்திச் சரிசெய்யவும் கூடாது. அணைத்து, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். அதைத் தபாலிலோ கொரியரிலோ அனுப்பக் கூடாது. பழுதான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவதற்குத் தடை இருக்கிறது. நேரில் கொண்டுபோங்கள், போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

உப்பல் என்றால் வாரண்டி முடிந்திருந்தாலும் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது. அதுதான் அடுத்த படி.

3. இலவசமாகச் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்

பெட்டியில் எழுதிய ஒரு வருடம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது, நிறுவனத்தின் சிறப்புச் சேவைத் திட்டங்கள். ஒரு மாடலில் ஒரே குறை நிறையப் பேருக்கு வந்தால் வாரண்டிக்கு வெளியிலும் இலவசமாகச் செய்து தருவார்கள். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2இன் 42 மி.மீ. மாடலில் பேட்டரி உப்பியபோது, வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக 2018இல் ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. இத்தகைய திட்டங்களைக் கடைக்காரர் தானாகச் சொல்லுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சீரியல் எண்ணைச் சொல்லி, இந்த வாட்ச்சுக்கு ஏதாவது சிறப்புத் திட்டம் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது, வாங்கும்போது நீட்டிப்பு வாரண்டியோ காப்பீடோ எடுத்தீர்களா என்று பழைய பில்லைப் பாருங்கள். ஆப்பிளின் கட்டணக் காப்பீடான ஆப்பிள்கேர் பிளஸ் இருந்து, கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரிக்குக் கட்டணம் கிடையாது. அதனால் 81, 82 காட்டும்போது காப்பீடு முடியப்போகிறது என்றால், முடியும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள்.

மூன்றாவது, வாங்கப் பயன்படுத்திய கிரெடிட் கார்டு. சில கார்டுகள் வாரண்டியை நீட்டித்துத் தருகின்றன.

நான்காவது, உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம். விற்றவரின் பொறுப்பு எழுதிய வாரண்டியைவிட நீளும் நாடுகள் உண்டு. ஆனால் வழக்கமான தேய்மானம் அதற்குள் வருவது அரிது. உப்பல், திடீர் செயலிழப்பு போன்ற குறைகளுக்குத்தான் வாதாட இடமிருக்கும்.

4. பேட்டரியை மாற்றுவார்களா, வாட்ச்சையே மாற்றுவார்களா?

பேட்டரி சர்வீஸ் என்று கேட்டுக் கொடுத்தால் நிறுவனத்தைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று, உங்கள் வாட்ச்சைத் திறந்து பேட்டரியை மட்டும் மாற்றி, புது ஒட்டுப்பட்டையோடு மூடித் தருவது. பின்பக்கத்தில் ஸ்க்ரூ இருக்கும் மாடல்களில் இது அதிகம்.

இரண்டு, உங்கள் வாட்ச்சை வாங்கிக்கொண்டு, அதே மாடலில் புதுப்பிக்கப்பட்ட வேறொரு வாட்ச்சைத் தருவது. பசையால் மூடிய வாட்ச்களில் நிறுவனத்துக்கு இதுதான் வசதி. பேட்டரி புதிது, நீர்க்காப்பும் புதிது. உங்களுக்கும் இது மோசமான வழியில்லை. ஆனால் சீரியல் எண் மாறும். உள்ளே இருந்த தரவு திரும்ப வராது. பின்பக்கத்தில் பெயர் பொறித்து வாங்கிய வாட்ச், யாரோ பரிசளித்த வாட்ச் என்றால் அது கையை விட்டுப் போய்விடும். அப்படிப்பட்ட வாட்ச்சைக் கொடுக்கும்போது, இதே வாட்ச் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

மூன்று, பேட்டரியே மாற்ற மாட்டோம், புது வாட்ச்சுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்வது. விற்பனையை நிறுத்திய மாடல்களில் இதைத்தான் கேட்பீர்கள். ஆப்பிள் விற்பனையை நிறுத்தி ஐந்து வருடம் கடந்த பொருளுக்கு உதிரிபாகம் இருந்தால் மட்டுமே சர்வீஸ் கிடைக்கும். ஏழு வருடம் கடந்தால் சர்வீஸ் கிடையாது. ஃபாசில் நிறுவனம் 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட வாட்ச் வைத்திருப்பவர்கள் வெளிக்கடையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு 8ஆவது படி.

இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்ட பிறகு இதையும் கேளுங்கள்: திரையில் விரிசலோ சட்டத்தில் நெளிவோ இருந்தால் பேட்டரி சர்வீஸை ஏற்பீர்களா? பெரும்பாலும் மறுப்பார்கள், அல்லது முதலில் திரையை மாற்ற வேண்டும் என்பார்கள். திறக்கும்போது விரிசல் பெரிதாகிவிடும் என்பதே காரணம். சிறு விரிசலைச் சொல்லாமல் அனுப்பினால், பேட்டரிக் கட்டணத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வரும் முழு யூனிட் மாற்றுக்கான மதிப்பீடு உங்களுக்கு வரக்கூடும். முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

5. செலவை முழுமையாகக் கூட்டிப் பாருங்கள்

இணையத்தில் போட்டிருக்கும் பேட்டரிக் கட்டணம் முழுச் செலவு ஆகாது. பரிசோதனைக் கட்டணம், வரி, போக வர அனுப்பும் செலவு, சில இடங்களில் நீர்க்காப்புப் பட்டைக்குத் தனிக் கட்டணம் என்று சேரும். மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பரிசோதனைக் கட்டணமும் திருப்பி அனுப்பும் செலவும் யார் தலையில் என்பதை முன்பே கேளுங்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

மொத்தத் தொகையை, அதே தரத்தில் இன்று கிடைக்கும் புது வாட்ச்சின் விலையோடு ஒப்பிடுங்கள். நீங்கள் அன்றைக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினால், பேட்டரியைத் தவிர வேறு எல்லாம் நன்றாக இருந்து, மென்பொருள் அப்டேட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். நடுவில் இருந்தால் அப்டேட்தான் தீர்மானிக்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3க்கு 2022இல் வந்த வாட்ச்ஓஎஸ் 9 மென்பொருள் கிடைக்கவில்லை. அதுபோல அப்டேட் நின்ற வாட்ச்சில் புது பேட்டரி நேரம் பார்க்கவும் அடி எண்ணவும் உதவும்; செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். அதுவே போதும் என்பவர்களுக்கு மாற்றுவதில் தவறில்லை.

6. காகிதங்களும் தரவும்

கையில் இருக்க வேண்டியவை: வாங்கிய பில், சீரியல் எண், சிம் வசதி உள்ள வாட்ச் என்றால் ஐஎம்இஐ எண், உங்கள் அடையாள அட்டை. பில் தொலைந்திருந்தால், இணையத்தில் வாங்கியவர்கள் ஆர்டர் வரலாற்றிலிருந்து எடுக்கலாம். கடையில் வாங்கியவர்கள் தொலைபேசி எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். வாரண்டி முடிந்த சர்வீஸுக்கு எல்லோரும் பில் கேட்க மாட்டார்கள். ஆனால் வாட்ச் பூட்டிக்கொண்டால் உரிமையை நிரூபிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

சீரியல் எண் அமைப்புகளில் இருக்கும். பின்பக்கத்திலோ ஸ்ட்ராப் கோக்கும் பள்ளத்திலோ பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மாடல்களும் உண்டு. வாட்ச் முழுதாக அணைந்து போவதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரை, சட்டம், பின்பக்கம், நான்கு ஓரம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். அந்தக் கீறல் முன்பே இருந்தது என்று அவர்களும், இல்லை என்று நீங்களும் வாதிட வேண்டிய நிலை வராது.

தரவை அழிப்பதில் வரிசை முக்கியம்.

முதலில் வாட்ச்சைப் போனோடு முழுமையாக ஒத்திசையவிடுங்கள். அடி எண்ணிக்கை, தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் போனில் உள்ள செயலிக்கு வந்துவிட்டதா என்று அந்தச் செயலியைத் திறந்து கண்ணால் பாருங்கள். அடுத்து பேக்கப். ஆப்பிள் வாட்ச்சைப் போனில் உள்ள வாட்ச் செயலி வழியாக இணைப்பு நீக்கினால் பேக்கப்பும் தானாக நடக்கும், வாட்ச்சை உங்கள் கணக்கோடு பிணைக்கும் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டும் நீங்கும். வாட்ச்சிலிருந்து நேரடியாக அழித்தால் அந்தப் பூட்டு நீங்காது, சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பிவிடும். கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளில் ஓடும் வாட்ச்களில் 2023இல் வந்த வேர் ஓஎஸ் 4 முதல்தான் பொதுவான பேக்கப் வசதி இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் முகப்புகள், செயலி அமைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி கையால் அமைக்க வேண்டியிருக்கும். பிடித்த முகப்பின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலுத்தும் கார்டுகளை நீக்குங்கள். இ-சிம் இருந்தால், வேறு யூனிட் வரக்கூடும் என்று 4ஆவது படியில் தெரிந்திருக்கும். அப்படியானால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி இ-சிம்மை நீக்குங்கள். விட்டுவிட்டால் கையில் இல்லாத வாட்ச்சுக்கு மாதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், புது யூனிட்டில் இ-சிம் ஏற்றவும் தடை வரும். கடைசியில்தான் ஃபேக்டரி ரீசெட்.

பேட்டரி மோசமான வாட்ச் இந்த வேலைகளின் நடுவே அணைந்துவிடக்கூடும். எல்லாவற்றையும் சார்ஜரில் வைத்தபடியே செய்யுங்கள். உப்பிய வாட்ச்சுக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் பூட்டைக் கணக்கின் வழியாகப் போனிலோ கணினியிலோ இணையத்தில் நீக்க வேண்டும்.

7. ஒப்படைக்கும்போதும் அனுப்பும்போதும்

ஸ்ட்ராப், சார்ஜர், திரைக் காப்பு எதையும் கொடுக்காதீர்கள். திரும்ப வரும் என்ற உறுதி இல்லை. வாட்ச்சின் உடல் மட்டும் போதும்.

நேரில் கொடுத்தால் ஜாப் ஷீட் (வாட்ச்சைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். அதில் சீரியல் எண், எழுதிக்கொடுத்த குறை, வெளித்தோற்றத்தின் நிலை, மதிப்பிட்ட தொகை, தரும் தேதி இருக்க வேண்டும். 'பேட்டரி பிரச்சினை' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். '8 மணி நேரத்தில் 70 சதவீதம் இறங்குகிறது, ரீசெட் செய்தும் மாறவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் மட்டும் செய்து, குறை எதுவும் இல்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

தபாலில் அனுப்பினால், வாட்ச்சை முழுதாக அணைத்து, பட்டன் அழுந்தாதபடி சுற்றி, இறுக்கமான பெட்டியில் வையுங்கள். கருவிக்குள் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு, ஆபத்தான சரக்குகளை அடையாளம் காட்டும் யுஎன் 3481 என்ற எண் உண்டு. கொரியரில் என்ன பொருள் என்று கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள். வாட்ச் பேட்டரி ஏறத்தாழ 1 வாட் மணி அளவுதான். கருவிக்குள் இருக்கும் செல்களுக்கான எளிய விதிகளின் 20 வாட் மணி வரம்புக்கு வெகு கீழே இருப்பதால் பெரும்பாலும் தடை இருக்காது. மறைத்துவிட்டு ஸ்கேனில் பிடிபட்டால்தான் பொட்டலம் நின்றுபோகும். தனியாக அனுப்பப்படும் பேட்டரிக்கு விதி வேறு: யுஎன் 3480 வகையைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் தடை. வெளிநாட்டிலிருந்து பேட்டரி மட்டும் வரவழைத்தால் வாரக்கணக்கில் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவுண்டரிலேயே மாற்றித் தரும் இடங்களில் ஒரே நாளில் வேலை முடியலாம். அனுப்பி வாங்குவதானால் ஓரிரு வாரம் வாட்ச் இல்லாமல் இருக்கத் தயாராகுங்கள். பாகம் கையிருப்பில் இல்லையென்றால் இன்னும் நீளும். விழுந்தால் தகவல் அனுப்பும் வசதிக்காகவோ இதயத்துடிப்பு எச்சரிக்கைக்காகவோ வயதானவர்கள் கட்டியிருக்கும் வாட்ச் என்றால், அந்த நாட்களுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே கொடுங்கள். மாத்திரை நேர அலாரங்களைப் போனிலும் வைத்துவிடுங்கள்.

8. வெளிக்கடையில் கொடுப்பதானால்

நல்ல வெளிக்கடை நிறுவனத்தைவிட மலிவாகவும் வேகமாகவும் செய்து தரும், உங்கள் வாட்ச்சையே திருப்பித் தரும். ஆனால் போன் பழுது பார்ப்பவர் எல்லோருக்கும் வாட்ச் கை வராது. உங்கள் மாடலை இதற்கு முன் திறந்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். திறப்பது முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டால் தெரிந்தவர் உடனே சொல்லுவார்.

பேட்டரியைப் போடுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே அச்சிட்டிருக்கும் மூன்று விவரங்கள் பழைய பேட்டரியோடு பொருந்த வேண்டும்: மாடல் எண், மின்னழுத்தம், கொள்ளளவு. இதில் மின்னழுத்தத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆபத்து அதில்தான் இருக்கிறது. இன்றைய வாட்ச்களில் பல 3.8 முதல் 3.87 வோல்ட் பெயரளவு மின்னழுத்தம் (பேட்டரியின் மேல் அச்சிடும் சராசரி மதிப்பு) கொண்ட செல்களைப் பயன்படுத்துகின்றன, அவற்றை 4.35 அல்லது 4.4 வோல்ட் வரை சார்ஜ் செய்யும்படி வாட்ச்சின் சுற்று அமைக்கப்பட்டிருக்கும். அங்கே 4.2 வோல்ட்டோடு நிறுத்த வேண்டிய 3.7 வோல்ட் செல்லைப் போட்டால் ஒவ்வொரு இரவும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். சில மாதங்களில் உப்பும், அதைவிட மோசமாகவும் போகலாம். 'அளவு சரியாக இருக்கிறது, போட்டுவிடலாம்' என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கொள்ளளவிலும் ஒரு பொறி உண்டு. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4இன் 44 மி.மீ. மாடலில் 291.8 மில்லி ஆம்பியர் மணி. கேலக்ஸி வாட்ச் 4இன் 44 மி.மீ. மாடலில் 361, அதன் 40 மி.மீ. மாடலில் 247. அதே இடத்தில் அடங்கும் பேட்டரியில் 450, 500 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண் பொய். ஒரே மாடலில் இரண்டு அளவு இருக்கும்போது தவறான அளவு பேட்டரி வருவதும் நடக்கும். 40, 44 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

புது பேட்டரி என்றால் எப்போது தயாரித்தது என்றும் பாருங்கள். பயன்படுத்தாமலே அலமாரியில் கிடந்தாலும் லித்தியம் செல் தேயும். மல்டிமீட்டரில் வைத்தால் 3.7 முதல் 3.9 வோல்ட் காட்டுவது நல்ல நிலை. 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்தச் செல்லை வாங்காதீர்கள்.

பழைய பேட்டரியைக் காட்டச் சொல்லுங்கள், ரசீதில் பேட்டரி மாற்றியதாக எழுதச் சொல்லுங்கள், வேலைக்கு எத்தனை நாள் வாரண்டி என்றும் எழுதச் சொல்லுங்கள். ஆப்பிள் தன் சர்வீஸுக்கு 90 நாள் தருகிறது; அதை அளவுகோலாக வைத்துப் பேசலாம். புது ஒட்டுப்பட்டை போடுவார்களா, பழைய பட்டையின் மேலேயே பசை தடவுவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

9. நீங்களே மாற்றுவதானால்

முதல்முறை திறப்பவர்களுக்குப் பின்பக்கம் ஸ்க்ரூ உள்ள மாடல் மட்டுமே பொருத்தம். பசையால் திரை ஒட்டிய வாட்ச்சில் திரை உடையும் வாய்ப்பு அதிகம், திரையின் விலையோ பேட்டரியைப் போலப் பல மடங்கு.

வேண்டியவை: மாடலுக்குச் சரியான நுனியுள்ள ஸ்க்ரூடிரைவர் (வாட்ச்களில் மூன்று கிளை நுனி அதிகம்), பிளாஸ்டிக் நெம்பிகள், மெல்லிய பிளாஸ்டிக் அட்டை, வளைந்த கூர் கொண்ட இடுக்கி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், உங்கள் மாடலுக்கென்று வெட்டிய ஒட்டுப்பட்டை அல்லது ரப்பர் வளையம், சூடாக்க ஒரு சூட்டுப்பை. வெப்பக் காற்றுத் துப்பாக்கி வேண்டாம். ஓலெட் திரை கறுத்துவிடும். பக்கத்தில் ஒரு சட்டியில் உலர்ந்த மணல் வையுங்கள்.

திறப்பதற்கு முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, வாட்ச்சை அணையுங்கள். தவறிக் குத்திவிட்டால் நிறைந்த பேட்டரிதான் வேகமாக எரியும்.

ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டி வையுங்கள். பின்மூடியை நெம்பி எழுப்பும்போது அரை சென்டிமீட்டரோடு நிறுத்துங்கள். இதயத்துடிப்பு சென்சார் பின்மூடியில் இருக்கிறது. அங்கிருந்து பலகைக்கு ஒரு மெல்லிய நாடாக் கம்பி போகிறது. அவசரமாகத் தூக்கினால் அது அறுந்துவிடும், தனியாகக் கிடைக்கவும் கிடைக்காது. எந்தப் பக்கம் கம்பி என்று பார்த்து, புத்தகம் திறப்பதுபோல அந்தப் பக்கமாகச் சாயுங்கள்.

உள்ளே முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி இணைப்பு. மற்ற எதையும் அதற்கு முன் தொடாதீர்கள். பேட்டரி பசையால் ஒட்டியிருந்தால் ஓரத்தில் சில சொட்டு ஆல்கஹால் விட்டு இரண்டு நிமிடம் காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையை அடியில் மெல்ல ஓட்டுங்கள். உலோகக் கருவி கூடாது. பேட்டரி மடங்கினாலோ இனிப்பு வாடை வந்தாலோ உறை கிழிந்திருக்கலாம். மணல் சட்டியில் போட்டு வெளியே வைத்துவிடுங்கள்.

புது பேட்டரியை இணைத்ததும் மூடாமல் ஒருமுறை ஆன் செய்து, சார்ஜ் ஏறுகிறதா, தொடுதிரையும் இதயத்துடிப்பு சென்சாரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அணைத்து, பழைய பசையை ஒரு துணுக்குகூட விடாமல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். புது ஒட்டுப்பட்டை பிடிக்காமல் போவதற்கு மீந்த பசையே முதல் காரணம். ரப்பர் வளையம் என்றால் அதன்மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீர் புகும். மூடிய பின் சீரான எடையை வைத்து ஒரு நாள் விடுங்கள். பி-7000 போன்ற திரவப் பசை முழுதாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும்.

10. கையில் வாங்கியதும்

கவுண்டரைவிட்டு நகர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை: சீரியல் எண் ரசீதில் உள்ளதோடு பொருந்துகிறதா, திரையும் சட்டமும் சந்திக்கும் விளிம்பு சுற்றிலும் சமமாக இருக்கிறதா, பட்டன்கள் அழுந்துகின்றனவா, சார்ஜரில் வைத்தால் ஏறுகிறதா, இதயத்துடிப்பு எடுக்கிறதா, மைக்கும் ஸ்பீக்கரும் கேட்கின்றனவா. வீட்டுக்கு வந்து ஜிபிஎஸ் சோதிக்க வெட்டவெளியில் பத்து நிமிடம் நடங்கள்.

முதல் நாள் சார்ஜ் வேகமாக இறங்கினால் பதற வேண்டாம். பேக்கப் இறங்கி, செயலிகள் நிறுவி, ஒத்திசைவு முடிய அது இறங்கத்தான் செய்யும். மூன்றாவது நாள், 1ஆவது படியில் செய்த எட்டு மணி நேரச் சோதனையை அதே அமைப்புகளோடு செய்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் அந்த இரண்டு எண்களையும் ஜாப் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பப் போங்கள். சாம்சங் வாட்ச்சில் இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் ரீசெட்டுக்குப் பிறகு, மேற்கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியோடு மறுபடி அளவு திருத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வரும் எண்ணை நம்பக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 5 ஏடிஎம் என்ற நீர்க்காப்புக் குறி என்பது 50 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அசையாத அழுத்தத்தைத் தாங்கும் என்ற தொழிற்சாலைச் சோதனை. திறந்து மூடிய வாட்ச்சுக்கு, மூடியவர் அழுத்தச் சோதனை செய்து எழுதிக் கொடுத்தாலொழிய அந்த எண் செல்லாது. நிறுவனம் தந்த மாற்று யூனிட்டுக்கு மட்டும் பழையபடி நீச்சல் சரி. வெளிக்கடையிலோ வீட்டிலோ மாற்றியது என்றால் கை கழுவுவதும் மழைத் தூறலும் போதும்; நீச்சலும் வெந்நீர்க் குளியலும் கூடாது. கண்ணாடிக்கு உட்புறம் பனிபோலப் படிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அணைத்துவிட்டு, சார்ஜரில் வைக்காமல், மூடியவரிடமே கொண்டுபோங்கள்.

11. பழைய பேட்டரி

உங்களிடம் திரும்ப வந்திருந்தால் இணைப்பு முனைகளை ஒட்டு நாடாவால் மூடி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். உடனே கொடுக்க முடியாவிட்டால் மூடியுள்ள உலோக டப்பாவில் கொஞ்சம் மணலோடு, சாவி, நாணயம் எதுவும் சேராமல் வையுங்கள். உப்பிய பேட்டரி என்றால் அந்த டப்பாவை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.